எல்லா ‘ஒரு’வும் ‘எ’ அல்ல

ஆங்கிலத்தில் ‘எ’, ‘ஆன்’ என்ற இரண்டு குட்டிச் சொற்களைப் பற்றி வந்த கேள்விகளை மட்டும் இந்த முறை எடுத்துக்கொண்டிருக்கிறோம். ஆங்கில வாக்கியங்களைத் தமிழ் எழுத்திலேயே தந்திருக்கிறோம். வாய்விட்டுப் படியுங்கள், பாதிப் பதில் காதிலேயே கிடைத்துவிடும்.

கேள்வி: வேலைக்கான விண்ணப்பத்தில் ‘ஐ ஆம் கிராஜுவேட்’ என்று எழுதியிருந்தேன். தெரிந்தவர் ஒருவர் ‘ஐ ஆம் எ கிராஜுவேட்’ என்று திருத்தினார். ‘நான் பட்டதாரி’ என்றாலே புரிகிறதே, நடுவில் ‘எ’ எதற்கு?

பதில்: அவர் திருத்தியதுதான் சரி. தமிழில் ‘அவர் டாக்டர்’, ‘அக்கா டீச்சர்’ என்று பெயர்ச்சொல்லை வெறுமனே விட்டாலும் வாக்கியம் முழுதாக நிற்கும். ஆங்கிலம் அதற்கு இடம் கொடுக்காது. எண்ணக்கூடிய ஆளையோ பொருளையோ ஒருமையில் சொன்னால், அந்தச் சொல்லுக்கு முன்னால் ஏதாவது ஒன்று நின்றாக வேண்டும். ‘எ’ நிற்கலாம், ‘தி’ நிற்கலாம், ‘மை’, ‘திஸ்’, ‘எவ்ரி’, ‘வன்’ இவற்றில் ஒன்றும் நிற்கலாம். எதுவுமே இல்லாமல் ‘கிராஜுவேட்’, ‘பென்’, ‘ஹவுஸ்’ என்று மொட்டையாக விடுவதுதான் பிழை. நம்மவர்கள் எழுதும் ஆங்கிலத்தில் மிக அதிகமாகக் கண்ணில் படும் பிழையும் இதுதான்.

தொழிலைச் சொல்லும்போது இதை அதிகம் மறக்கிறோம். ‘ஷி இஸ் எ நர்ஸ்’, ‘ஹி இஸ் ஆன் எலக்ட்ரீஷியன்’. ‘ஆஸ்’ வந்தாலும் இதேதான்: ‘ஐ வொர்க் ஆஸ் எ டிரைவர்’. பன்மைக்குப் போனால் ‘எ’ போய்விடும்: ‘தே ஆர் நர்சஸ்’. ஒரே ஓர் ஆள் மட்டும் வகிக்கக்கூடிய பதவி என்றால் ‘எ’ இல்லாமலே எழுதலாம்: ‘ஷி இஸ் கேப்டன் ஆஃப் தி டீம்’, ‘ஹி வாஸ் எலெக்டட் பிரசிடென்ட்’. ஓர் அணிக்கு ஒரு கேப்டன்தானே. பலரில் ஒருவர் என்ற பேச்சே அங்கு எழவில்லை.

பெயர்ச்சொல்லுக்கு முன்னால் ‘எ’, ‘மை’ போன்றவை நிற்கும் அந்த இடத்தில் ஒரு சொல்லுக்குத்தான் இடம் என்பதையும் சேர்த்து நினைவில் வையுங்கள். ‘எ மை ஃப்ரெண்ட்’ வராது. ‘எ ஃப்ரெண்ட் ஆஃப் மைன்’ அல்லது ‘வன் ஆஃப் மை ஃப்ரெண்ட்ஸ்’. இரண்டாவதில் ‘ஃப்ரெண்ட்ஸ்’ என்று பன்மை கட்டாயம்.

கேள்வி: ‘நேத்து ஒரு ஆள் வந்தார்’ என்பதை என் மகன் ‘எஸ்டர்டே வன் மேன் கேம்’ என்கிறான். ‘ஒரு’ என்றால் ‘வன்’ தானே? இதில் என்ன தவறு?

பதில்: ‘வன்’ எண்ணிக்கை சொல்லும் சொல். ‘எஸ்டர்டே வன் மேன் கேம்’ என்றால், ‘இரண்டு பேர் வருவார்கள் என்று பார்த்தோம், ஒருவர்தான் வந்தார்’ என்பதுபோல ஒலிக்கும். உங்கள் மகன் சொல்ல வந்தது ‘யாரோ ஓர் ஆள்’ என்பது. அதற்கு ‘எ மேன் கேம்’.

சோதிக்க எளிய வழி: தமிழ் வாக்கியத்தில் ‘ஒரு’ இருக்கும் இடத்தில் ‘ஒரே ஒரு’ என்று போட்டுப் பாருங்கள். நீங்கள் சொல்ல வந்த பொருள் மாறவில்லையென்றால் ‘வன்’, மாறிவிட்டால் ‘எ’. ‘எனக்கு ஒரு தம்பி இருக்கான்’ என்று சும்மா சொன்னால் ‘ஐ ஹேவ் எ ப்ரதர்’. ‘எத்தனை தம்பி?’ என்று கேட்டதற்குப் பதிலாகச் சொன்னால் ‘ஐ ஹேவ் வன் ப்ரதர்’. கதையில் வரும் ‘ஒரு நாள்’ மட்டும் விலக்கு; அது எப்போதும் ‘வன் டே’.

நம் ‘ஒரு’வுக்கு இன்னொரு வேலையும் உண்டு. ‘ஒரு பத்து பேர் வந்தாங்க’ என்கிறோம். அங்கே ‘ஒரு’ ஒன்றைக் குறிக்கவில்லை, ‘ஏறக்குறைய’ என்கிறது. அதை அப்படியே பெயர்த்து ‘எ டென் பீப்புள்’ என்று எழுதிவிடுகிறார்கள். வரவேண்டியது ‘அபவுட் டென் பீப்புள்’. ‘ஒரு ரெண்டு நிமிஷம் இருங்க’ என்பதற்கு மட்டும் ‘எ கப்புள் ஆஃப் மினிட்ஸ்’ என்று ‘எ’ வருகிறது. ‘கப்புள்’ என்ற சொல் ஒருமையாக முன்னால் நிற்பதால்.

கேள்வி: முதல் முறை சொல்லும்போது ‘எ’, மறுமுறை ‘தி’ என்று படித்தேன். ஆனால் முதல் வாக்கியத்திலேயே ‘தி’ வருவதைப் பார்க்கிறேன். எதை நம்புவது?

பதில்: முதல் முறை, மறுமுறை என்பது விளைவுதான், காரணம் வேறு. ‘நான் எதைச் சொல்கிறேன் என்று கேட்பவருக்குத் தெரியுமா?’ இந்த ஒரு கேள்விதான் எல்லாவற்றையும் முடிவு செய்கிறது. தெரியாது என்றால் ‘எ’. தெரியும் என்றால் ‘தி’.

கவனியுங்கள்: உங்களுக்குத் தெரியுமா என்பது கணக்கே இல்லை. ‘ஐ மெட் எ டீச்சர் எஸ்டர்டே’ என்னும்போது அவர் பெயர், வீடு எல்லாம் உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். கேட்பவருக்கு அவர் புதியவர், அதனால் ‘எ’.

ஒரு சட்டையைக் கையில் எடுத்துக்கொள்வோம். ‘ஐ பாட் எ ஷர்ட்’. கேட்பவருக்குப் புதிய பொருள், ‘எ’. அடுத்த வாக்கியம்: ‘தி காலர் இஸ் டோர்ன்’. காலரைப் பற்றி இதுதான் முதல் பேச்சு, ஆனாலும் ‘தி’. சட்டைக்கு ஒரு காலர்தான், எந்தக் காலர் என்ற குழப்பமே வராது. மூன்றாவது வாக்கியம்: ‘எ பட்டன் இஸ் மிஸ்ஸிங்’. பட்டன் பல இருக்கின்றன, எது என்று இன்னும் தெரியாது, ஆகவே ‘எ’. இப்போது இதையே தமிழில் சொல்லிப் பாருங்கள்: ‘காலர் கிழிஞ்சிருக்கு, ஒரு பட்டனைக் காணோம்.’ காலருக்கு ‘ஒரு’ போடவில்லை, பட்டனுக்குப் போட்டோம். உங்கள் வாய்க்கு இந்த வேறுபாடு ஏற்கெனவே தெரியும்.

ஒன்றைச் சொல்லி அதன் இனம் முழுவதையும் குறிக்கும்போதும் ‘எ’ வரும். ‘எ தெர்மாமீட்டர் மெஷர்ஸ் டெம்பரேச்சர்’ என்றால் எந்தத் தெர்மாமீட்டராக இருந்தாலும் என்று பொருள். விளக்கம் எழுதும் தேர்வு விடைகளில் இந்த அமைப்புத்தான் உதவும்.

கேள்வி: அலுவலக மின்னஞ்சலில் ‘ஐ நீட் ஆன் இன்ஃபர்மேஷன்’, ‘திஸ் இஸ் எ குட் நியூஸ்’ என்று எழுதுவேன். இரண்டையும் மேலதிகாரி அடித்துவிட்டார். ஒரு தகவல், ஒரு நல்ல செய்தி என்று எண்ண முடிகிறதே?

பதில்: தமிழில் எண்ணலாம். ஆங்கிலத்தில் அவை அரிசி, தண்ணீர் மாதிரி. மொத்தமாகத்தான் இருக்கும், ஒன்று இரண்டு என்று பிரியாது. எதை எண்ணலாம் என்பதைப் பொருளைப் பார்த்து ஊகிக்காதீர்கள். அதை ஒவ்வொரு மொழியும் தன் போக்கில் முடிவு செய்கிறது. ஆங்கிலம் கற்பவர்களுக்கான அகராதிகளில் எண்ணக்கூடிய சொல்லுக்குப் பக்கத்தில் ‘சி’ என்றும் எண்ண முடியாததற்கு ‘யூ’ என்றும் குறியிட்டிருப்பார்கள். சந்தேகம் வந்தால் பொருளைப் பார்ப்பதற்கு முன் அந்தக் குறியைப் பாருங்கள்.

அலுவலகத்தில் அடிக்கடி தடுக்கிவிடுபவை இவை: இன்ஃபர்மேஷன், அட்வைஸ், ஃபீட்பேக், எக்விப்மென்ட், ஃபர்னிச்சர், சாஃப்ட்வேர், எவிடன்ஸ், ப்ராக்ரஸ், லக்கேஜ், வொர்க், நியூஸ். இவற்றுக்கு முன்னால் ‘எ’வும் வராது, பின்னால் பன்மை ‘ஸ்’ஸும் வராது. ‘நியூஸ்’ முடிவில் இருக்கும் ‘ஸ்’ பன்மையைக் குறிப்பதல்ல. ‘தி நியூஸ் இஸ் குட்’ என்று ஒருமை வினைதான்.

என்ன செய்யலாம்? ‘சம் இன்ஃபர்மேஷன்’ என்று எழுதலாம். எண்ணியே ஆக வேண்டுமென்றால் ‘எ பீஸ் ஆஃப் அட்வைஸ்’, ‘எ பீஸ் ஆஃப் ஃபர்னிச்சர்’. ஆனால் வரிக்கு வரி ‘பீஸ் ஆஃப்’ வந்தால் கடிதம் கனத்துப் போகும். எண்ணக்கூடிய பக்கத்துச் சொல்லுக்கு மாறிவிடுவதையே நாங்கள் பரிந்துரைப்போம். ‘அட்வைஸ்’ இடத்தில் ‘எ சஜஷன்’, ‘வொர்க்’ இடத்தில் ‘எ ஜாப்’ அல்லது ‘எ டாஸ்க்’, ‘லக்கேஜ்’ இடத்தில் ‘எ பேக்’, ‘சாஃப்ட்வேர்’ இடத்தில் ‘எ ப்ரோகிராம்’.

உங்கள் இரண்டாவது வாக்கியத்தில் தடுக்கிவிட்டது ‘குட்’. நடுவில் ஒரு பெயரடை வந்ததும் கை தானாக ‘எ’ போட்டுவிடுகிறது: ‘எ குட் நியூஸ்’, ‘எ பியூட்டிஃபுல் வெதர்’. பெயரடை வந்தாலும் வராவிட்டாலும் முடிவு செய்வது கடைசியில் இருக்கும் பெயர்ச்சொல்தான். இதை மீறும் சில தொடர்கள் உண்டு: ‘எ குட் நாலெட்ஜ் ஆஃப் இங்கிலிஷ்’, ‘எ குட் எஜுகேஷன்’, ‘எ கிரேட் ஹெல்ப்’. இவை பழகிப் படிய வேண்டியவை.

இரட்டை முகம் கொண்ட சொற்களும் உண்டு. ‘ஷி ஹேஸ் லாங் ஹேர்’ என்றால் நீண்ட கூந்தல்; ‘தேர் இஸ் எ ஹேர் ஆன் யுவர் ஷர்ட்’ என்றால் சட்டையில் ஒற்றை முடி. ‘பேப்பர்’ காகிதம், ‘எ பேப்பர்’ செய்தித்தாள் அல்லது ஆய்வுக்கட்டுரை. ‘க்ளாஸ்’ கண்ணாடி, ‘எ க்ளாஸ்’ தம்ளர். ‘அயர்ன்’ இரும்பு, ‘ஆன் அயர்ன்’ துணி தேய்க்கும் பெட்டி. ‘இஸ் தேர் ரூம்?’ என்று கேட்டால் இடம் இருக்கிறதா என்று பொருள்; ‘இஸ் தேர் எ ரூம்?’ என்றால் அறை கிடைக்குமா என்று பொருள். நேர்முகத் தேர்வுக்குப் போகிறவர்கள் குறித்துக்கொள்ள வேண்டியது ‘எக்ஸ்பீரியன்ஸ்’: வேலை அனுபவம் என்றால் ‘எ’ இல்லை, ‘இட் வாஸ் எ கிரேட் எக்ஸ்பீரியன்ஸ்’ என்று ஒரு நிகழ்வைச் சொன்னால் ‘எ’ உண்டு.

கேள்வி: உயிரெழுத்தில் தொடங்கினால் ‘ஆன்’ என்று பள்ளியில் மனப்பாடம் செய்தோம். ‘யூனிவர்சிட்டி’யின் முதல் எழுத்து ஆங்கில உயிரெழுத்து ஐந்தில் ஒன்றுதானே? ஏன் ‘எ யூனிவர்சிட்டி’? எம்.எல்.ஏ., எஃப்.ஐ.ஆர். போன்றவற்றுக்கு எது?

பதில்: மனப்பாடம் செய்த விதியில் ‘எழுத்து’ என்று இருக்கும் இடத்தில் ‘ஒலி’ என்று மாற்றிக்கொள்ளுங்கள். கண்ணை விட்டுவிட்டுக் காதைக் கேட்க வேண்டும்.

தமிழ் தெரிந்தவர்களுக்கு இதில் பெரிய வசதி இருக்கிறது. ஆங்கில எழுத்துகளை மறந்துவிட்டு அந்தச் சொல்லைத் தமிழில் எழுதிப் பாருங்கள். முதல் எழுத்து அ முதல் ஔ வரையுள்ள பன்னிரண்டில் ஒன்றாக இருந்தால் ‘ஆன்’. உயிர்மெய்யாக இருந்தால் ‘எ’. யூனிவர்சிட்டி, யூனிஃபார்ம், யூரோப்பியன், யூஸ்ஃபுல் எல்லாம் ‘யூ’வில் தொடங்குகின்றன, ஆகவே ‘எ’. அதே ஆங்கில எழுத்தில் தொடங்கும் குடை தமிழில் ‘அம்பரெல்லா’ ஆகிறது, ஆகவே ‘ஆன்’. மணி நேரத்தைக் குறிக்கும் ‘அவர்’, நேர்மையைக் குறிக்கும் ‘ஆனஸ்ட்’ இரண்டிலும் முதலில் எழுதும் எய்ச் ஒலிப்பதில்லை: ‘ஆன் அவர்’, ‘ஆன் ஆனஸ்ட் மேன்’. ஒருவழிப் பாதை ‘வன்-வே’: ‘எ வன்-வே ரோடு’. ‘ஓர் ஊர்’, ‘ஒரு யுகம்’ என்று எழுதுகிறோமே, அதே கணக்கு.

சுருக்கப் பெயர்களுக்கும் இது அப்படியே பொருந்தும். எம்.எல்.ஏ., எஃப்.ஐ.ஆர்., எஸ்.எம்.எஸ்., எல்.இ.டி., ஆர்.டி.ஓ., எக்ஸ்ரே அனைத்தும் ‘ஆன்’. யூ.பி.எஸ்., பி.ஹெச்டி. இரண்டும் ‘எ’. ஆங்கிலத்தின் 26 எழுத்துகளில் 12 எழுத்துகளின் பெயர் உயிரொலியில் தொடங்குகிறது: ஏ, இ, எஃப், எய்ச், ஐ, எல், எம், என், ஓ, ஆர், எஸ், எக்ஸ். எழுத்தெழுத்தாகச் சொல்லாமல் ஒரே சொல்லாக வாசிக்கும் சுருக்கம் என்றால் அந்தச் சொல்லின் ஒலியைப் பாருங்கள். ‘நேட்டோ’ என்று வாசிப்பதால் ‘எ நேட்டோ மெம்பர்’. எண்களில் 8, 11, 18, 80 முதல் 89 வரை ‘ஆன்’: ‘ஆன் எய்ட்டீன் இயர் ஓல்டு பாய்’.

இந்த வழி மூன்று இடங்களில் காலை வாரும். ஆண்டைக் குறிக்கும் சொல்லையும் காதைக் குறிக்கும் சொல்லையும் தமிழில் ‘இயர்’ என்றே எழுதுகிறோம். ஆண்டுக்கான சொல் உண்மையில் ‘யியர்’. தமிழில் ‘யி’ சொல்லின் முதலில் வராததால் நழுவிவிடுகிறது. ஆகவே ஆண்டுக்கு ‘எ’, காதுக்கு ‘ஆன்’. ‘உமன்’, ‘உட்’, ‘உல்ஃப்’ என்று எழுதும் பெண், மரம், ஓநாய் ஆகியவற்றிலும் முதலில் உதட்டைக் குவித்த ‘வு’ இருக்கிறது, மூன்றுக்கும் ‘எ’தான். மூன்றாவது, ‘எய்ச்’ என்ற எழுத்தை நாம் ‘ஹெச்’ என்று சொல்லிப் பழகியது. ‘ஆன் எய்ச்.ஆர். மேனேஜர்’ என்பதே பரவலாக ஏற்கப்பட்ட வழக்கு.

பேச்சில் இன்னொரு சங்கடம். தமிழில் ‘எ’வை ‘யெ’ என்றும் ‘ஒ’வை ‘வொ’ என்றும் இழுத்துச் சொல்வது வழக்கம். ‘யெக்’, ‘யெம்.யெல்.ஏ.’ என்று சொல்லிக்கொண்டே காதைக் கேட்டால் காது ‘எ’ என்றுதான் சொல்லும். அதனால்தான் எழுதிப் பாருங்கள் என்றோம். முட்டையை யாரும் ‘யெக்’ என்று எழுதுவதில்லை.

கடைசியாக, ‘எ’வா ‘ஆன்’னா என்பதைத் தீர்மானிப்பது அதை ஒட்டி வரும் சொல்தான். ‘ஆன் அம்பரெல்லா’, ஆனால் ‘எ பிக் அம்பரெல்லா’. ‘எ யூனிஃபார்ம்’, ஆனால் ‘ஆன் ஓல்டு யூனிஃபார்ம்’.

கேள்வி: ‘ஆன் ஹிஸ்டாரிக் டே’ என்று நாளிதழில் பார்த்தேன். அச்சுப்பிழையா?

பதில்: இல்லை, பழைய வழக்கம். முதல் அசையில் அழுத்தம் விழாத சொற்களில் ‘ஹ’ மெலிந்துவிடும், அதனால் ‘ஆன்’ போட்டார்கள். இன்று ‘எ ஹிஸ்டாரிக் டே’ என்பதே பெருவழக்கு; நீங்களும் அதையே எழுதுங்கள். மூலிகையைக் குறிக்கும் சொல்லில் மட்டும் நாட்டுக்கு நாடு மாறும். பிரிட்டனில் ‘எ ஹெர்ப்’. அமெரிக்காவில் ‘ஹ’வை ஒலிப்பதில்லை, ‘ஆன் எர்ப்’.

கேள்வி: ‘எ’வோடு ‘ன்’ சேர்ந்து ‘ஆன்’ ஆனதா?

பதில்: நேர்மாறு. மூத்தது ‘ஆன்’. பழைய ஆங்கிலத்தில் ‘ஆன்’ என்றாலே ஒன்று என்று பொருள். இன்றைய ‘வன்’னும் அதிலிருந்து கிளைத்ததுதான். பிற்காலத்தில் மெய்யொலிக்கு முன் ‘ன்’ உதிர்ந்து ‘எ’ பிறந்தது.

அந்த ‘ன்’ யாருடையது என்று மக்களே குழம்பியதில் சில சொற்கள் உருமாறிவிட்டன. சமையலில் கட்டும் மேலாடைக்கு முன்பு பெயர் ‘நேப்ரன்’. ‘எ நேப்ரன்’ என்பதை ‘ஆன் ஏப்ரன்’ என்று பிரித்துக் கேட்டார்கள், இன்று அது ‘ஏப்ரன்’. ஆட்ட நடுவரான ‘அம்பயர்’ முன்பு ‘ந’வில் தொடங்கியவர்தான். பட்டப்பெயருக்கு வந்தது எதிர்த் திசை: கூடுதல் பெயர் என்ற பொருளில் ‘ஆன் எக்நேம்’ என்று இருந்தது, ‘ன்’ ஒட்டிக்கொண்டு ‘எ நிக்நேம்’ ஆயிற்று.

கேள்வி: விடுப்புக் கடிதத்தில் ‘ஐ ஹேவ் ஃபீவர்’ சரியா?

பதில்: ‘ஐ ஹேவ் எ ஃபீவர்’ என்று எழுதுங்கள். வந்து போகும் உபாதைகளை ஆங்கிலம் எண்ணும்: எ ஃபீவர், எ கோல்டு, எ காஃப், எ ஹெட்ஏக், எ ஸோர் த்ரோட். ஹார்ட் அட்டாக், ஸ்ட்ரோக் இரண்டும் இந்தக் கூட்டம்தான். நோயின் பெயரைச் சொன்னால் ‘எ’ கிடையாது: மலேரியா, நிமோனியா, ஆஸ்துமா, டயபெட்டிஸ்.

கேள்வி: ‘ஃப்யூ’, ‘எ ஃப்யூ’ இரண்டும் ஒன்றா?

பதில்: ஒரு ‘எ’ பொருளையே திருப்பிப் போடும் இடம் இது. ‘ஐ ஹேவ் எ ஃப்யூ ஃப்ரெண்ட்ஸ்’ என்றால் எனக்குச் சில நண்பர்கள் இருக்கிறார்கள். ‘ஐ ஹேவ் ஃப்யூ ஃப்ரெண்ட்ஸ்’ என்றால் நண்பர்கள் என்று சொல்ல எனக்கு அதிகம் பேர் இல்லை. எண்ண முடியாதவற்றுக்கு ‘லிட்டில்’, ‘எ லிட்டில்’: ‘வி ஹேவ் எ லிட்டில் டைம்’ என்றால் கொஞ்சம் நேரம் இருக்கிறது, உட்காரலாம். ‘வி ஹேவ் லிட்டில் டைம்’ என்றால் கிளம்புங்கள்.

கேள்வி: ‘எ’ எப்போதும் பெயரடைக்கு முன்னால்தான் வருமா? ‘எ ஸச் பிக் ஹவுஸ்’ என்று எழுதியதற்கு மகளின் ஆசிரியை மதிப்பெண் குறைத்துவிட்டார்.

பதில்: பெரும்பாலும் முன்னால்தான். ‘ஸச்’, ‘வாட்’, ‘ஹாஃப்’, ‘மெனி’ ஆகிய நான்கும் ‘எ’வைத் தமக்குப் பின்னால் தள்ளிவிடும்: ‘ஸச் எ பிக் ஹவுஸ்’, ‘வாட் எ பிட்டி!’, ‘ஹாஃப் ஆன் அவர்’, ‘மெனி எ டைம்’. ‘ஸோ’, ‘டூ’ வந்தால் பெயரடையும் ‘எ’வைத் தாண்டி முன்னால் போய்விடும்: ‘டூ பிக் எ ப்ராப்ளம்’. வியந்து சொல்லும்போதும் எண்ணக்கூடியதா என்று பார்க்க வேண்டும். ‘வாட் எ லவ்லி டே!’ சரி, ‘வாட் லவ்லி வெதர்!’ என்பதில் ‘எ’ இல்லை.

கேள்வி: ‘எ ப்ளாக் அண்ட் ஒயிட் கவ்’, ‘எ ப்ளாக் அண்ட் எ ஒயிட் கவ்’ இரண்டும் சரி என்கிறார்களே?

பதில்: இரண்டும் சரி, மாடுகளின் எண்ணிக்கைதான் வேறு. முதலாவதில் கறுப்பும் வெள்ளையும் கலந்த ஒரு மாடு. இரண்டாவதில் கறுப்பு மாடு ஒன்று, வெள்ளை மாடு ஒன்று. வினையும் மாறும்: ஒன்றுக்கு ‘இஸ்’, இரண்டுக்கு ‘ஆர்’.